டிக்கெட்டில் நான்கு பெயர்கள்

செம்மநத்தம்
சனிக்கிழமை

அன்புள்ள சிவசக்தி அக்காவுக்கு,

இல்லை. இரண்டு பேர்தான். டிக்கெட்டில்தான் நான்கு பெயர்.

நலம் விசாரிப்பதற்கு முன்பே பதில் எழுதுவது மரியாதை இல்லை. ஆனால் நீ இதைத்தான் முதலில் கேட்பாய். இந்த வாரம் என்னைப் பார்த்த எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ஆகவே முறைப்படி: நான் நலம். அப்பா மிகவும் நலம், அதுதான் பிரச்சினை. அம்மா நலமா என்று தெரியவில்லை, நான்கு நாட்களாக என்னுடன் பேசவில்லை. மிளகு நலம், களத்தில் காய்கிறது. உன்னுடைய, அத்தானுடைய, குழந்தைக்கு முளைத்திருக்கும் அந்த ஒற்றைப் பல்லினுடைய நலமறிய ஆவல்.

போனில் சொல்லியிருக்கலாம். உன் போனை அத்தான் எடுப்பார். ஸ்பீக்கரில் போடுவார். உன் மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைப்பார். அந்தரங்கம் என்று ஒன்று இன்னும் தபால் துறையிடம் மட்டும்தான் மிச்சமிருக்கிறது.

ஒரு உதவி வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் கேட்டால் மீதியை வாசிக்க மாட்டாய்.

தேன்நிலவுக்கு எங்கே போவது? மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஏற்காட்டுக்கு வருவார்கள். ஏற்காட்டில் பிறந்தவர்கள் எங்கே போவார்கள்? யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் அடுத்தவர் தேன்நிலவுக்குத் தேவையான ஆட்கள். பின்னணி.

கோகுலின் வேலை உனக்குத் தெரியும். ஒண்டிக்கடைப் பக்கத்து விடுதியில் வரவேற்பு மேசை. ஆள் குறைந்த நாட்களில் புதுமணத் தம்பதியரின் கட்டிலில் ரோஜா இதழைத் தூவுவதும், துண்டை மடித்து அன்னப் பறவை செய்வதும் அவர்தான். ஆறு வருடங்களில் ஆயிரம் அன்னங்களாவது செய்திருப்பார். எங்கள் முதலிரவில் சேகர் மாமா மகள் அலங்கரித்த கட்டிலை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "இதழ் ஓரமா இருக்கோணும், நடுவுல போட்டா கறை புடிக்கும்" என்றார். நான் கணவரின் முதல் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது அதுதான்.

அன்றே முடிவு செய்தோம். மலை வேண்டாம். குளிர் வேண்டாம். ஏரி, லேடீஸ் சீட் மலைமுனை, துண்டு அன்னம் எதுவும் வேண்டாம். கடல். முடிந்தால் யாருக்கும் நம்மைத் தெரியாத ஒரு ஊரும்.

சேலத்தில் சசிகலா என்பவர் நடத்தும் டிராவல்ஸில் அப்படி ஒன்று இருந்தது. கொச்சியில் இரண்டு நாள் ஊர் சுற்றல், பிறகு மூன்று இரவு கப்பல். கப்பல் எங்கும் போகாது. கடலுக்குள் போகும், யோசிக்கும், திரும்பி வரும். எனக்கு இது பிடித்திருந்தது. எம்.ஏ. படித்த எல்லோருக்கும் பிடிக்கும்.

துண்டுப் பிரசுரத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாள்: சீன வலை, பழைய தெருக்கள், மட்டாஞ்சேரி. மட்டாஞ்சேரிக்கு நேராக எழுதியிருந்தது: "இங்கே மிளகைக் கண்டு களிக்கலாம்." அக்கா, இந்த வீட்டில் இப்போது மிளகு இல்லாத இடம் சாமிப் படம் மட்டும்தான். நேற்று என் தலைமுடியிலிருந்து மூன்று மணி எடுத்தேன். எண்ணூறு கிலோ மிளகைத் தாண்டிப் போய் இன்னொருவர் மிளகைக் கண்டு களிக்கப் போகிறோம். கப்பல் பகுதியில் வேளைவாரியாக அட்டவணை இருந்தது. "மாலை 4 முதல் 5 வரை: ஓய்வு." ஐந்து மணிக்கு ஓய்வை நிறுத்த ஆள் வருவார்கள்போல.

ஆனாலும் ஆசையாக இருந்தது. நான் அவ்வளவு எளிதாக ஆசைப்படுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கல்யாணம் ஆகி இருபத்து மூன்று நாட்களில் பதினான்கு விருந்து. நானும் கோகுலும் மட்டும் இருந்த நேரத்தை ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். தூங்கிய நேரத்தைக் கழித்தால் ஒரு சினிமா அளவுக்கு வந்தது. இடைவேளை உட்பட. தனிமை பற்றி எம்.ஏ.வில் ஒரு தாள் எழுதினேன். அறுபத்தெட்டு மதிப்பெண். இப்போது எழுதினால் கூடுதலாகக் கிடைக்கும்.

இனி விபத்து.

பதிவு செய்யும்போது சசிகலா சர்நேம் கேட்டார். இல்லை என்றேன். என் ஆதாரில் இனிஷியல்கூடக் கிடையாது, வெறும் மேனகா. கோகுலுடையதும் அப்படியே. "அந்தக் கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் ஒத்துக்காதுங்க மேடம். எதையாச்சும் போடோணும். எல்லாரும் இனிஷியலை விரிச்சுப் போட்டுருவாங்க" என்றார். விரித்துப் போட்டோம். விரித்ததில் இரண்டு அப்பாக்கள் வெளியே வந்தார்கள். கோகுல் விடுதியிலேயே அச்செடுத்தார். அந்த இயந்திரத்துக்கு அகலம் போதவில்லை. மேனகா ஒரு வரி. அதன் கீழே தனபால் ஒரு வரி. கோகுல் ஒரு வரி. அதன் கீழே பெருமாள் ஒரு வரி.

செவ்வாய்க்கிழமை மறுவீட்டுக்கு இங்கே வந்தோம். கோகுல் தாளை டிவி மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அப்பா கண்ணாடி போட்டு எடுத்துப் பார்த்தார்.

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நம் அப்பா எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் ரைட்டர். தினமும் காலையில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைச் செக்ரோல் நோட்டில் எழுதியவர். செக்ரோலில் இனிஷியல் கிடையாது, சர்நேம் கிடையாது. ஒரு வரிக்கு ஒரு பெயர். ஒரு பெயருக்கு ஒரு ஆள். நான்கு வரியா, நான்கு ஆள். ஆங்கிலத்தில் அப்பா வேகமாக வாசிப்பது பெயர்களை மட்டும்தான், அதையும் மிகச் சரியாக வாசித்தார்.

அப்போதுகூடத் தப்பித்திருக்கலாம். கை துடைத்துக்கொண்டு வந்த கோகுலிடம் அப்பா மெதுவான குரலில், "ஏனுங்க மாப்ள, எனக்குமா போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். கோகுல் விடுதிக்காரர். ஆறு வருடமாக யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்லிப் பழகியவர். வெந்நீர் வருமா, ஜன்னலில் ஏரி தெரியுமா, குரங்கு வராதா. வாய் தானாகத் திறந்தது.

"கண்டிப்பாங்க மாமா."

என்னைச் சில நாள் இங்கே விட்டுவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார். அப்பா என்ன கேட்டார் என்பது அவருக்கு ஒண்டிக்கடை போய்ச் சேர்ந்த பிறகுதான் விளங்கியதாம். அங்கிருந்து போன் செய்து மன்னிப்புக் கேட்டார். என்னிடம். அப்பாவிடம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மூச்சு விடாமல் சொன்னால்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அப்பா மூச்சு விடாமல் செய்தார், முதலில் என் மாமனாருக்கு போன் போட்டு சம்பந்தி நம்ம ரெண்டு பேரு பேரும் இருக்குது என்றார், பிறகு டீக்கடைக்குப் போனார், போய்த் திரும்புவதற்குள் செம்மநத்தம் முழுக்கத் தெரிந்தது, மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் மாரியப்பன் டிக்கெட் கிழித்துக்கொண்டே ஏனுங்க மேனகா அப்பாவும் ஹனிமூன் போறாராமா என்று பின் சீட்டுக்கும் கேட்கிற மாதிரி கேட்டார், நான் சில்லறையைப் பார்த்தேன், வியாழக்கிழமை அப்பா சேலம் போய் ஒரு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கி வந்தார், கடல் என்றால் நம் மலையைவிடக் குளிரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், யாரென்று தெரிந்தால் நல்லது, மட்டாஞ்சேரியில் மிளகு விற்கிற இடம் இருக்கிறது என்று பிரசுரத்தில் பார்த்ததிலிருந்து இரண்டு கிலோ நல்ல மிளகைத் தனியாகச் சலித்துப் பையில் கட்டி வைத்திருக்கிறார், அங்கே என்ன விலை போகுது பாக்கலாம் கண்ணு என்கிறார், ஆக என் தேன்நிலவில் இப்போது கொள்முதல் விசாரணையும் உண்டு.

மாமனாரைப் பற்றித் தனிப் பத்தி தேவை. பெருமாள் மாமா முப்பது வருடம் ஏரியில் படகு வேலை பார்த்தவர். பெடல் படகைக் கரையிலிருந்து தள்ளிவிடுவார். அரை மணி ஆனதும் விசில் அடித்துத் திரும்பக் கூப்பிடுவார். தன்னைக் கப்பல்காரன் என்றே நினைத்துக்கொள்கிறார். புதன்கிழமை அப்பாவை வரவழைத்து, நடுக்கூடத்தில் நிற்கவைத்து, லைஃப் ஜாக்கெட் கட்டுவது எப்படி என்று செய்து காட்டியிருக்கிறார். அப்பா அதைக் கழற்றத் தெரியாமல் அதோடேயே காபி குடித்தாராம். பிறகு மாமா கோகுலிடம் விசாரணை நடத்தியிருக்கிறார். பெடலா, மோட்டாரா? மோட்டார். எத்தனை நேரம்? மூன்று நாள். அதற்கு மாமா, "மூணு நாளா? அப்ப விசில் யாரு அடிக்கிறது?" என்றாராம்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நானும் முதலில் சிரித்தேன்.

நேற்று அப்பா கோகுலுக்கு போன் செய்தபோது பக்கத்தில் இருந்தேன். கேபினில் எத்தனை கட்டில் என்று கேட்டார். ஒன்று என்று கோகுல் சொல்லியிருக்க வேண்டும்.

"பரவால்லைங்க மாப்ள. நானும் சம்பந்தியும் கீழ படுத்துக்குவோம். எங்களுக்கு ஒரு பாயி போதும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நீ பார்க்கவில்லை. நான் எம்.ஏ. சேர்ந்த அன்று பார்த்த முகம். அப்போதும் இப்படித்தான் எல்லாருக்கும் முன்பே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். அப்பா கடல் பார்த்ததில்லை. சேலம் தாண்டியது மூன்று தடவை, மூன்றும் ஆஸ்பத்திரிக்கு.

சொல்ல வாயெடுத்தேன். "பாய் வேண்டாங்ப்பா, அங்கே கம்பளம் இருக்கும்" என்று வந்தது. எனக்கும் கோகுலின் வியாதி ஒட்டிக்கொண்டது.

அம்மா விஷயம் இன்னும் மோசம். புதன்கிழமை மதியம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அந்தத் தாளைக் கேட்டாள். ஆங்கிலம் தெரியாதே. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசிக்கச் சொன்னாள். மேனகா. தனபால். கோகுல். பெருமாள். விரல் அதற்குக் கீழே வெள்ளைத்தாளில் இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றது.

"எம் பேரு எங்க கண்ணு?"

என்னிடம் பதில் இருந்தது. இனிஷியல் அப்பாவிடமிருந்து வருகிறது, அம்மாவிடமிருந்து வருவதில்லை, ஆகவே விரித்தால் அப்பா வருவார், நீ வர மாட்டாய், இது சமூக அமைப்பு. இதைப் பற்றியும் ஒரு தாள் எழுதியிருக்கிறேன். ஆனால் அம்மா களத்துக்குப் போய்விட்டாள். மிளகைக் கால்களால் கிளறிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கிளறிய மிளகு.

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. பாத்திரங்கள் பேசுகின்றன. ஆனால் என் மாமியார் ராணி அத்தையோடு தினமும் முக்கால் மணி நேரம் போன். கல்யாணச் சீரில் ஒரு குத்துவிளக்கின் உயரத்துக்காகச் சண்டை போட்ட அதே இரண்டு பேர். இருவர் பெயரும் இல்லாத ஒரு காகிதம் அவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. பேசும்போது நான் பக்கத்தில் போனால், "அப்பறம் கூப்புடறேனுங்க" என்று வைத்துவிடுகிறாள்.

நான் என்ன கேட்டேன் அக்கா? ஐந்து நாள். ஒரு மனிதரோடு. அவர் தூங்கும்போது குறட்டை விடுவாரா, கோபம் வந்தால் எப்படி இருப்பார், விடுதிக்காரராக இல்லாதபோது அவர் யார் என்றெல்லாம் பார்க்க ஐந்து நாள். அவர் ஒருமுறையாவது "முடியாதுங்க" என்று சொல்லிக் கேட்க வேண்டும். திரும்பி வந்தால் அவர் இரவு ஷிப்ட், எனக்குக் கல்லூரி வேலை, கூடத்தில் மாமா, அடுப்படியில் அத்தை. இப்போது தெரிந்துகொள்ளாவிட்டால் பிறகு தெரிந்துகொள்ள நேரமே வராது. நம் அம்மாவுக்கு அப்பாவைத் தெரியுமா? கேட்டுப் பார். செக்ரோல் தெரியும் என்பாள்.

ஆகவே உதவி.

இந்தக் கடிதம் உனக்குப் புதன்கிழமை கிடைக்கும். நாங்கள் வெள்ளிக்கிழமை மதியம் சேலத்தில் ரயில் ஏற வேண்டும். புதன் மாலையே அப்பாவுக்கு போன் செய்து, அவர் வரவில்லை என்பதை அவருக்குச் சொல். என்னால் முடியாது. நான் ஒரே வீட்டில் இருக்கிறேன், முகம் தெரிகிறது. உனக்கு ஓசூர் தூரம் இருக்கிறது. பொய் சொல்லாதே. உண்மையையும் ஒரேயடியாகச் சொல்லிவிடாதே. சர்நேம், சிஸ்டம் என்று ஆரம்பித்தால் நடுவில் அவரே புரிந்துகொள்வார். அத்தானைப் பேசவிடாதே. அத்தான் சிரிப்பார்.

மாமாவிடம் சொல்வது கோகுல் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். கண்டிப்பாக என்றார். அதனால் நம்பிக்கை இல்லை.

அத்தானுக்கு வணக்கம் சொல். உன் மாமியாருக்கு, இதைப் பிரித்து வாசித்திருக்கும் பட்சத்தில், நேரடியாகவே வணக்கம். குழந்தையின் பல்லுக்கு முத்தம். சேர்வராயன் சாமி உனக்குத் தைரியத்தைத் தரட்டும். எனக்குத் தந்தது தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை
மேனகா
(விரிக்க வேண்டாம்)

பி.கு. ஞாயிறு காலை.

போன் செய்ய வேண்டாம். மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.

காலையில் அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கப்பலில் தன் பெயரைக் கூப்பிடும்போது உள்ளேன் ஐயா என்பதா, உள்ளேன் சார் என்பதா என்று கேட்டார். செக்ரோலில் ஆட்கள் ஐயா என்பார்கள். கப்பலில் எப்படி என்று.

அதற்கு என்னிடம் பொய் இல்லை.

"அது இனிஷியலுங்ப்பா" என்றேன். "என் இனிஷியலை விரிச்சுப் போட்டது. அவரு இனிஷியலும் அப்படித்தான். ரெண்டு பேருக்குத்தான் டிக்கெட்."

அப்பா தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அப்ப பேரு இருக்குது. ஆளு இல்ல."

"ஆமாங்ப்பா."

"இருவத்தாறு வருசம் கண்ணு. வராத ஆளு பேரு ஒண்ணு எம் பேனா எழுதுனதில்ல. எழுதச் சொன்னாங்க. நொம்பப் பேரு சொன்னாங்க."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தன் பெயரை அடித்தார். ஒரே கோடு, ரொம்ப நேரான கோடு. ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார். அடித்தல் திருத்தம் இருந்தால் ரைட்டர் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது. நான் தரையைப் பார்த்தேன். அழவில்லை. மிளகு நெடி.

அப்பா பேனாவை மூடவில்லை.

"ஒரு ஆளு நின்னுட்டா பதிலாளு அனுப்போணும்" என்றார். அடித்த பெயருக்கு மேலே அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதினார். கண்ணம்மாள். பிறகு பெருமாள் மாமாவுக்கு போன் செய்து, சம்பந்தி மாப்ளகிட்ட இன்னொரு தாளு இருக்கும், அதுல உங்க வரியையும் அடிச்சிருங்க, மேல ராணியம்மா பேரை எழுதுங்க, கையெழுத்து மறக்காதீங்க என்றார். அந்தப் பக்கம் மாமா ஏதோ நீளமாகக் கேட்டார். லைஃப் ஜாக்கெட் பற்றி இருக்கலாம். "அதை அவிங்களுக்குக் கட்டி உடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா வாசல்படிக்கு வந்து, தன்னால் எங்கேயும் வர முடியாது, களத்தில் மிளகு கிடக்கிறது, இந்த வயதில் கப்பல் என்ன வேண்டிக்கிடக்கிறது, ஊர் சிரிக்கும் என்று அப்பாவைத் திட்டினாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வந்தாள். நான்கு நாட்களுக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள்.

"ஏங்கண்ணு, அங்க சோறு போடுவாங்களா? இல்ல கட்டிட்டுப் போகோணுமா?"

போடுவார்கள் என்றேன்.

கோகுலுக்குச் சொன்னேன். "ஒரே கேபின்ல முடியாதுங்க" என்றார். அக்கா, முடியாதுங்க என்றார். முதல் தடவை. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

சசிகலாவுக்கு போன் செய்தேன். இன்னொரு கேபின் இருக்கிறது, ஆனால் ஜன்னல் இல்லை என்றார். அது எங்களுக்கு, ஜன்னல் உள்ளது அவர்களுக்கு என்றேன். பெயர்களைக் கேட்டார். கண்ணம்மாள், ராணி. சர்நேம் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே, கண்ணம்மாளுக்கு என்ன போடட்டும் என்றார்.

மேனகா என்று போடச் சொன்னேன்.